பாலுக்கு அழாத பச்சிளங்குழந்தை

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் நாட்டுப் பழமொழி. வாய் திறந்து கேட்பவனுக்கே கிடைக்கும் என்னும் பொருளில் சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் இதனைப் பலர் எடுத்தாளக் கேட்டிருக்கிறேன். பழமொழியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டால், அழாத பிள்ளையின் நிலைமை யாது என்ற கேள்வி எழுகிறது. பிறந்து மூன்று நான்கு நாட்களேயான சிசுவின் முகத்திலும் மார்பிலும் மஞ்சள் நிறம் ஏறுகிறது. அது பாலுக்கு அழுவதில்லை. மார்பில் இட்டால் நான்கு முறை சப்பிவிட்டு உறங்கிப்போகிறது. வீட்டிலுள்ள பெரியோர் இதனைக் கண்டு, "பிள்ளை மிகவும் சாது" என்று மகிழ்கின்றனர். இந்த மகிழ்ச்சி பல வேளைகளில் தீங்கின்றி முடிகிறது. சில வேளைகளில் அவ்வாறு முடிவதில்லை. ஆதலின் இதனைப் பற்றி அங்கத்தினர் குடும்பங்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

நான் மருத்துவன் அல்லேன், கூட்டுறவு ஆய்வாளன். எனினும் இப்பொருள் வீட்டாரின் கவனத்தையே பெரிதும் சார்ந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. சுகப்பிரசவமானால் பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குப் பின் தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மஞ்சட்காமாலை உச்சத்தை அடைவது 3ஆம் நாள் முதல் 5ஆம் நாள் வரையில் ஆகும். அதாவது, மருத்துவரும் செவிலியரும் அருகில் இல்லாமல், பாட்டியும் அத்தையும் மட்டும் அருகிலிருக்கும் நாட்களில்தான் அது ஏறுகிறது.

நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 குழந்தைகளுக்கும், குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 குழந்தைகளுக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் நிறம் ஓரளவு தோன்றுகிறது. ஆகவே இது அரிய நோயன்று. பெரியவர்களுக்கு அசுத்த நீராலும் கிருமியாலும் வரும் காமாலையும் இதுவும் ஒன்றல்ல. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றும் தன்மையும் இந்த மஞ்சளுக்கு இல்லை. தாய் மாம்பழம் தின்றதாலோ, பருப்பும் மஞ்சளும் சேர்த்துக்கொண்டதாலோ இது வருவதுமில்லை. இவ்வெண்ணத்தினால் பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சோற்றையும் தண்ணீரையும் குறைத்துப் பத்தியம் வைக்கும் வழக்கத்தை இன்னும் சில ஊர்களில் காண்கிறோம். பால் சுரக்க வேண்டியவளைப் பட்டினி போடுவதில் என்ன நன்மை இருக்க முடியும்?

மஞ்சளின் காரணம் இதுதான். நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் பழையன கழிந்து புதியன தோன்றியவண்ணம் இருக்கின்றன. வளர்ந்தவர் உடலில் ஒரு சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. பச்சிளங்குழந்தையின் சிவப்பணுவோ 60 முதல் 90 நாட்களே வாழ்கிறது. அன்றியும் கருப்பையில் இருந்த காலத்தின் தேவைக்காகக் குழந்தையின் உடலில் சிவப்பணுக்கள் மிகுதியாக உள்ளன. இவை சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதனைப் பக்குவப்படுத்திப் பித்தநீரின் வழியே குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கருவிலிருக்கும்வரை இவ்வேலையைத் தாயின் உடல் செய்துவந்தது. பிறந்த மறுகணமே புதிய கல்லீரல் அப்பொறுப்பு முழுவதையும் ஏற்க வேண்டியிருக்கிறது. சில நாட்கள் தடுமாறுகிறது. தேங்கிய மஞ்சள் தோலில் படிகிறது.

பாலூட்டலுக்கும் இதற்கும் உள்ள தொடர்பைத்தான் அங்கத்தினர்கள் முக்கியமாக மனத்திற்கொள்ள வேண்டும். கல்லீரல் குடலுக்கு அனுப்பிய பிலிருபின் மலத்தோடு வெளியேற வேண்டும். மலம் வெளியேறாமல் குடலில் தங்கினால், அப்பொருள் மீண்டும் குடலிலிருந்து உறிஞ்சப்பட்டு இரத்தத்திற்கே திரும்புகிறது. பிறந்தவுடன் குழந்தை கழிக்கும் கரிய, பிசுபிசுப்பான காட்டுப்பீயில் பிலிருபின் நிரம்பவுண்டு. அதனை விரைவில் வெளியேற்றும் மருந்து எதுவெனில், தாயின் முதற்பாலாகிய சீம்பால். ஆவின் சீம்பாலைக் கன்றுக்கு ஊட்டாமல் விட்டால் என்னாகும் என்பதை நம் விவசாய அங்கத்தினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பால் குறைந்தால் மலம் குறைகிறது. மலம் குறைந்தால் இரத்தத்தில் மஞ்சள் ஏறுகிறது. மஞ்சள் ஏறினால் குழந்தைக்கு மந்தமும் உறக்கமும் மிகுகின்றன. உறக்கம் மிகுந்தால் பால் குடிப்பது மேலும் குறைகிறது. செக்கு மாடு சுற்றுவது போன்ற இச்சுற்றில் தாயும் சிக்கிக்கொள்கிறாள். குழந்தை சப்பி எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். எடுப்பார் இல்லையெனில் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். இரண்டொரு நாளில் சுரப்பே குறையத் தொடங்கும். அப்பொழுது வீட்டார், "தாய்க்குப் பால் இல்லை" என்று முடிவு கட்டிப் புட்டிக்குச் செல்கின்றனர். பால் இல்லாமையால் பிள்ளை குடிக்காதிருக்கவில்லை. பிள்ளை குடியாமையால் பால் குறைந்தது என்பதே பல இடங்களில் உண்மை.

இந்நிலையில் வீடுகளில் கையாளப்படும் சில பழக்கங்களைக் குறிப்பிடாதிருக்க இயலாது. சேனை தொட்டு வைப்பதென்று சர்க்கரை நீரையோ தேனையோ நாவில் இடுவதும், கழுதைப் பாலை விலைக்கு வாங்கிப் புகட்டுவதும், உரைமருந்து இழைத்துக் கொடுப்பதும், விளக்கெண்ணெய் விடுவதும், குளுக்கோஸ் கரைத்து ஊற்றுவதும் இன்றும் நடப்பவையே. பெரியோர் அன்பினால் செய்பவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பிலிருபின் தண்ணீரால் கழுவி வெளியேற்றப்படும் பொருளன்று. அது பெரும்பாலும் மலத்தின் வழியே வெளியேற வேண்டியது. சர்க்கரை நீர் அச்சிறு வயிற்றை நிரப்பி, பாலுக்கிருந்த இடத்தையும் பசியையும் போக்கிவிடுகிறது. காய்ச்சாத கழுதைப் பாலிலும், பலர் கைபட்ட உரைகல்லிலும் கிருமிகள் இருக்கக்கூடும். தேனில் ஒருவகை நச்சுக்கிருமியின் வித்து இருக்கக்கூடுமாகையால் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு அதனை அறவே கொடுக்கலாகாது. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றி வேறெதுவும் தேவையில்லை என்பது இக்காலையும் பொருந்தும் விதியே. தாய்ப்பால் போதாத வேளையில் வேறு பால் சேர்ப்பதை மருத்துவர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும்.

மஞ்சள் உண்டா இல்லையா என்று பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. சாயமிட்ட நூலின் நிறத்தை மின்விளக்கின் கீழ் பார்த்து ஒப்புக்கொள்ளும் நெசவாளர் எவருமிலர்; கட்டை முற்றத்திற்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்த பிறகே சரியென்பர். குழந்தைக்கும் அதே விதிதான். தறி நிற்கும் வீடுகள் பலவற்றில் பிள்ளை பெற்றவள் இருக்கும் அறை இருள் சூழ்ந்தது. அதற்குள் தூளி கட்டி, பழஞ்சேலையின் மடிப்புக்குள் குழந்தையை இட்டுவிட்டால் அதன் முகத்தையே காண்பதரிது. ஆட்டத்தின் இதத்தில் உறங்கும் பிள்ளை இன்னும் உறங்கும். முதல் பத்து நாட்களுக்குத் தூளியை அவிழ்த்து வைத்துவிட்டுத் தாயின் பக்கத்திலேயே கிடத்துவது நல்லது. நாளொன்றுக்கு இருமுறையேனும் சன்னல் அருகே பகல் வெளிச்சத்தில் ஆடையைக் களைந்து பார்க்க வேண்டும். நெற்றி, மார்பு, வயிறு, கால் என்று ஒவ்வோரிடத்திலும் விரலால் மெல்ல அழுத்தி எடுத்தால், அழுத்திய இடத்தில் அடித்தோலின் நிறம் தெரியும். நம்மவர் மாநிறத்திலும் கருநிறத்திலும் மஞ்சள் எளிதில் புலப்படாதாகையால் கண்ணின் வெள்ளையையும் ஈற்றையும் பார்ப்பது அவசியம். மஞ்சள் முதலில் முகத்தில் தோன்றி, மிக மிகக் கீழ்நோக்கி இறங்குவது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மஞ்சள் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆயினும் கண்பார்வை துல்லியமான அளவாகாது. சரியான அளவைச் சொல்வது இரத்தப் பரிசோதனையே.

இனி, உறங்கும் பிள்ளைக்குப் பாலூட்டும் விதம். ஒரு நாளில், அதாவது இரவும் பகலும் சேர்ந்த 24 மணி நேரத்தில், 8 முதல் 12 முறை குழந்தை பால் குடிக்க வேண்டும். நன்றாக விழித்து அழும் பிள்ளை தானே கணக்கைப் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் ஏறி உறங்கும் பிள்ளைக்கு நாமே கடிகாரம் பார்க்க வேண்டும். முன்பு பால் குடிக்கத் தொடங்கிய வேளையிலிருந்து 2 மணி, மிஞ்சினால் 3 மணி ஆனவுடன் எழுப்பியே தீர வேண்டும். 'தூங்கும் பிள்ளையை எழுப்பலாகாது' என்னும் வீட்டுவிதி இந்நாட்களுக்குப் பொருந்தாது. நள்ளிரவு 2 மணிக்கு எழுப்பும் பொறுப்பைப் பிரசவித்து அலுத்த தாயின்மீதே சுமத்துவது முறையன்று; தகப்பனார் அலாரம் வைத்துக்கொண்டு எழலாம். அதிகாலையில் பால் கறந்து சங்கத்திற்கு ஊற்றப் பழகியவருக்கு இது பெரிய காரியமா?

எழுப்புவதற்குக் குளிர்ந்த நீரைத் தெளிப்பதும் பாதத்தைச் சுண்டி அழவைப்பதும் வேண்டாம். சுற்றியிருக்கும் துணிகளைக் களைந்து, அணையாடை மட்டும் இருக்க, தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி கிடத்தி, முதுகின்மேல் ஒரு துணியைப் போர்த்துவது முதல் உபாயம். கதகதப்பும் பாலின் மணமும் சேர்ந்து பெரும்பாலான குழந்தைகளைத் தாமே வாய் திறக்கச் செய்யும். அணையாடையை மாற்றலாம், முதுகையும் உள்ளங்காலையும் இதமாகத் தேய்த்துவிடலாம், ஈரத்துணியால் முகத்தைத் துடைக்கலாம். கூசும் விளக்கு இருந்தால் பிள்ளை கண் திறவாது, ஆகையால் வெளிச்சத்தைச் சற்றே தணிக்கலாம். பிறகு இரண்டு துளி பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவினால் நாக்கு வெளியே வரும். அத்தருணத்தில் வாய் அகலத் திறந்ததும் மார்பில் சேர்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வுவது போதாது. சுற்றியுள்ள கருவட்டத்தில் பெரும்பகுதி, குறிப்பாகக் கீழ்ப்பகுதி, வாய்க்குள் செல்ல வேண்டும்.

மார்பில் வாய் வைத்திருப்பது வேறு, பால் குடிப்பது வேறு. தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, தொண்டை விழுங்கும் ஓசை கேட்டால் அது குடிப்பது. உதடு மட்டும் படபடத்தால் அது உறக்கத்திலே சப்புவது. அப்படி ஆகிவிட்டால் தாய் தன் மார்பைக் கையால் பற்றி மெல்ல அழுத்தினால் பால் பாய்ந்து குழந்தை மீண்டும் விழுங்கும். அதற்கும் அசையாவிடின் எடுத்துத் தோளில் சாய்த்து ஏப்பம் விடச்செய்து, அடுத்த மார்புக்கு மாற்ற வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று முறை மாற்றுவதில் பிழையில்லை.

இவ்வளவு செய்தும் குழந்தை போதிய அளவு குடிக்கவில்லையென்றால், பாலைக் கையாலேயே பீய்ச்சி எடுத்துப் புகட்ட வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டெடுத்த கிண்ணத்தைப் பிடித்து, கட்டைவிரலைக் கருவட்டத்தின் மேல்விளிம்பிலும் மற்ற விரல்களைக் கீழ்விளிம்பிலும் வைத்து, முதலில் மார்பெலும்பை நோக்கி அழுத்திப் பின் விரல்களைச் சேர்த்தால் பால் வரும். காம்பை இழுப்பதனால் வலி வருமேயன்றிப் பால் வராது. முதல் நாளில் கிடைக்கும் சீம்பால் மிகச் சிறிது. அதைக் கண்டு மனந்தளரலாகாது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லிலிட்டரே குழந்தைக்குச் சேர்கிறது. 2ஆம் நாளில் 5 முதல் 15, 3ஆம் நாளில் 15 முதல் 30, 4ஆம் நாளில் 30 முதல் 60 மில்லிலிட்டர் என்று அது பெருகும். பீய்ச்சிய பாலை மூடி வைத்தால் அறையின் வெப்பத்தில் 4 மணி நேரம் கெடாதிருக்கும்.

புகட்டுவதற்குப் புட்டி வேண்டியதில்லை. நம் பாட்டிமார் கையாண்ட பாலாடையே போதும். சங்கு என்றும் வழங்கும் இந்த மூக்கு வைத்த சிறு கிண்ணத்தைப் பழங்காலப் பொருளென்று பரணில் எறிந்துவிட்ட வீடுகள் பல. இன்றைக்கு நம் நாட்டின் பெரிய மருத்துவமனைகளிலுள்ள பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், சப்ப வலுவில்லாத குழந்தைகளுக்கு இதனைக்கொண்டுதான் பால் புகட்டுகின்றனர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் பயன்படுத்தும் முறை மாறியிருக்கிறது. மடியில் மல்லாத்திக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, மடமடவென ஊற்றும் பழைய வழக்கம் மிகவும் ஆபத்தானது. பால் சுவாசக்குழாய்க்குள் சென்றுவிடும். குழந்தையை அரைவாசி நிமிர்த்திப் பிடித்து, அது விழித்திருக்கும்போது மட்டும், மூக்குமுனையை உதட்டோரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்த்து, ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். எழுப்பியும் விழிக்காத குழந்தைக்குப் பாலாடையால் புகட்ட முயலவே கூடாது. அது வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்க நிலைமையன்று.

கணக்கு பார்ப்பது என் தொழிலாகையால், இவ்விடத்தில் சற்று விரித்துச் சொல்ல அங்கத்தினர்கள் இடங்கொடுக்க வேண்டும். மார்பில் குடிக்கும் பாலின் வரவை அளக்கும் படி எதுவுமில்லை. ஆனால் செலவை அளக்கலாம். ஒரு சிறு நோட்டில் தேதியிட்டுப் பால் கொடுத்த நேரம், சிறுநீர், மலம் ஆகிய மூன்றையும் குறித்துவர வேண்டும். முதல் நாள் ஒரு முறையேனும், 2ஆம் நாள் இரண்டு முறையேனும், 3ஆம் நாள் மூன்று முறையேனும் சிறுநீர் கழித்திருக்க வேண்டும். 5ஆம் நாள் முதல் ஆறு முறைக்குக் குறையலாகாது. நிறம் வெளிறியிருக்க வேண்டும். மலம் முதலில் கறுப்பாகவும், 3ஆம் நாள் அளவில் பச்சையாகவும், 5ஆம் நாளுக்குள் மஞ்சளாகவும் மாறி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். 5ஆம் நாளிலும் மலம் கறுப்பாகவே இருந்தால் பால் வயிற்றுக்குச் செல்லவில்லை என்று பொருள். நினைவிலிருந்து பேரேடு எழுதும் செயலர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் எழுதும் தொகை எப்போதும் வட்டத்தொகையாகவே இருக்கும். தூக்கமிழந்த தாயிடம் கேட்டாலும், "எட்டு தடவை குடித்தது" என்றுதான் சொல்வாள். நோட்டில் பார்த்தால் ஐந்தாக இருக்கும். எடையும் ஒரு சான்று. முதல் சில நாட்களில் எடை குறைவது இயல்பே. 2 கிலோ 800 கிராமுடன் பிறந்த குழந்தை 280 கிராம் குறைந்துவிட்டால் அது பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு குறைந்த குழந்தையை மருத்துவர் பார்க்க வேண்டும். பிறந்த எடையை 10 முதல் 14 நாட்களுக்குள் மீண்டும் எட்டிவிட வேண்டும்.

நெசவூர் ஒன்றில் நூல் இருப்பைச் சரிபார்க்கச் சென்றபோது அங்கத்தினர் ஒருவர் வீட்டில் இதனை நேரில் கண்டேன். பண்டிகைக் கொள்முதலுக்காகத் தறி ஓய்வின்றி ஓடிக்கொண்டிருந்தது. பேரன் பிறந்து ஐந்து நாள் ஆயிற்றென்றும், தறியின் ஓசைக்கும் அசையாத தங்கமான பிள்ளை என்றும் பாட்டியார் பெருமையுடன் கூறினார். அன்று முற்பகல் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். குழந்தையை முற்றத்திற்கு எடுத்துவரச் சொல்லி மார்பில் விரலை அழுத்திப் பார்த்தவர், அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேளாமல், "அம்மா, புறப்படுங்கள்" என்றார். மூன்று நாள் நீல விளக்கின் கீழ் இருந்து குழந்தை நலமாகத் திரும்பியது. அதற்குப் பிறகு தறியோசைக்கு அது வீறிட்டு அழுகிறதென்று பாட்டியார் குறைப்பட்டுக்கொண்டாராம்!

அந்த நீல விளக்கின் வரலாறு சுவையானது. 1956இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பேணிய வார்டு என்னும் தலைமைச் செவிலியர், வெயில் நல்ல நாட்களில் குழந்தைகளை முற்றத்திற்கு எடுத்துச் செல்லும் வழக்கமுடையவர். ஒரு நாள் ஒரு குழந்தையின் உடலில் துணி மறைத்திருந்த பகுதி மட்டும் மஞ்சளாக இருப்பதையும், வெயில் பட்ட மற்றப் பகுதிகள் வெளுத்திருப்பதையும் அவர் மருத்துவர்களுக்குக் காட்டினார். பிறகு, வெயில் படும் இடத்தில் தவறுதலாக இருந்துவிட்ட ஓர் இரத்தக் குப்பியில் பிலிருபின் அளவு குறைந்திருப்பதும் தெரியவந்தது. டாக்டர் கிரீமரும் அவருடைய கூட்டாளிகளும் ஆராய்ந்து, 1958இல் விளக்கொளிச் சிகிச்சையை வெளியிட்டனர். நீல ஒளி தோலிலுள்ள பிலிருபினை நீரில் கரையக்கூடிய வடிவத்திற்கு மாற்றிவிடுகிறது. அது கல்லீரலின் பக்குவத்திற்குக் காத்திராமல் பித்தநீரிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. மருத்துவப் பட்டம் பெறாத ஒருவரின் கூர்ந்த பார்வையினால் பிறந்த சிகிச்சை இது.

அப்படியாயின் காலை இளவெயிலில் காட்டினாலே போதாதா என்று பலரும் கேட்பர். போதாது. கால் மணி நேரம் முகத்தில் படும் வெயிலுக்கும், உடல் முழுவதும் பல மணி நேரம் படும் அளவிட்ட ஒளிக்கும் வேறுபாடு பெரிது. ஆடையின்றி நேர்வெயிலில் கிடத்தினால் பச்சைத் தோல் கன்றிவிடும். உடல் சூடேறி நீர் வற்றும். மார்கழிக் காலையாயின் குளிர்ந்து போகும். இவற்றினும் பெரிய தீங்கு, 'வெயிலில் காட்டிக்கொண்டிருக்கிறோம்' என்ற ஆறுதலில் இரண்டு நாள் கழிந்துவிடுவது. விளக்கின் கீழ் இருக்கும் நாட்களிலும், மருத்துவர் வேறு சொன்னாலன்றித் தாய்ப்பாலை நிறுத்தலாகாது. எடுத்து ஊட்டிவிட்டு மீண்டும் கிடத்த வேண்டும்.

சில குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகக் கவனம் தேவை. 37 வாரம் நிறையாமல் பிறந்தவை, பிரசவத்தில் தலையில் இரத்தம் கட்டியவை, மூத்த பிள்ளைக்கு விளக்குச் சிகிச்சை செய்யப்பட்ட குடும்பத்தில் பிறந்தவை ஆகியன அவற்றுள் அடங்கும். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் ஆகவும் குழந்தையின் இரத்தம் பாசிட்டிவ் ஆகவும் இருந்தால், அடுத்த பிள்ளையைக் காக்கப் பிரசவமான 72 மணி நேரத்திற்குள் தாய்க்குப் போட வேண்டிய ஊசி ஒன்று 1968 முதல் வழக்கில் உள்ளது, அதனைத் தவறவிடலாகாது. பட்டும் ஜவுளியும் சேர்த்து வைக்கும் நம்மவர் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஜி.6.பி.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகள், பெரும்பாலும் ஆண் குழந்தைகள், அந்துருண்டையின் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்து கடுங்காமாலைக்கு உள்ளாகின்றனர். எந்தக் குழந்தைக்கு அக்குறை உண்டென்று முன்கூட்டித் தெரியாதாகையால், அந்துருண்டையிட்ட பெட்டியிலிருந்து எடுத்த சேலையைப் பிள்ளைக்கு விரிப்பாகவோ தூளியாகவோ பயன்படுத்தலாகாது. குழந்தை இருக்கும் அறையில் அவ்வுருண்டையே இருக்க வேண்டாம்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கென்றால், பிலிருபின் மிக உயர்ந்துவிட்டால் அது மூளைக்குள் புகுந்து படிந்துவிடும். பிழைத்த குழந்தை காது கேளாமலும், கைகால்கள் தன் வசப்படாமலும் வாழ்நாள் முழுவதும் துன்புற நேரும். அதற்கு மருந்தில்லை, வருமுன் தடுப்பது மட்டும் எளிது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தோன்றினாலும், எழுப்பியும் விழிக்காவிடினும், அடுத்தடுத்து இரண்டு வேளை பாலை மறுத்தாலும், எட்டு மணி நேரம் சிறுநீர் போகாவிடினும், உடல் துவண்டாலும், கீச்சென்ற குரலில் ஓயாது அழுதாலும், முதுகை வில்லாக வளைத்தாலும், காய்ச்சல் கண்டாலும், உடல் சில்லிட்டாலும் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. 108க்குத் தொலைபேசியில் அழைத்தால் வண்டி வரும். அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தையின் சிகிச்சையும் போக்குவரத்தும் கட்டணமின்றி அளிக்கப்பட வேண்டும் என்பது 2011இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் திட்டத்தின்படி உரிமை. கையில் பணமில்லை என்று தயங்க வேண்டுவதில்லை. செல்லும்போது பிரசவக் குறிப்புச் சீட்டு, தாயின் இரத்தப் பிரிவு, மேற்சொன்ன நோட்டு ஆகியவற்றை எடுத்துச்செல்ல வேண்டும். வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தி, விழித்தால் பால் கொடுத்துக்கொண்டே செல்லலாம்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 முதல் 10 நாட்களில் மஞ்சள் தானே மறைகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்து, நன்கு விழித்து, எடை கூடிவரும் சில குழந்தைகளுக்கு அது வாரக்கணக்கில் இலேசாக நீடிப்பதும் உண்டு. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் 14 நாள் கடந்தும் மஞ்சள் இருந்தால், இரத்தத்தைச் சோதித்து அது தீங்கற்றதுதான் என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். பித்தநீர்க் குழாய் பிறவியிலேயே அடைபட்ட குழந்தைகளுக்கும் மஞ்சள் நீடிக்கும். அவர்களுடைய மலம் சுண்ணாம்பையோ களிமண்ணையோ போல் வெளிறியும், சிறுநீர் துணியில் மஞ்சட்கறை படியும்படியும் இருக்கும். ஜப்பானிய மருத்துவர் கசாய் 1950களில் கண்ட அறுவைச் சிகிச்சை இதற்கு உண்டு; பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால் பலன் மிகுதி, நாள் செல்லச் செல்லப் பலன் குறைகிறது. மலத்தின் நிறத்தைச் சொற்களால் விளக்குவது கடினமாகையால், கறைபட்ட அணையாடையையே ஒரு பையில் இட்டு எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுவது நல்லது.